ஒரே மாதிரி வளர்ந்த இரண்டு ஆண்கள்: ஒத்த பின்னணி உறவுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு முப்பத்தொரு வயது. உங்கள் துணைவரும் நீங்களும் ஒரே மொழி, ஒரே மதம், ஏறக்குறைய ஒரே வசதியுள்ள வீடுகளில் பிறந்தவர்கள். இருவருமே படிப்பில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை இருவருமே பெற்றோரிடம் இன்னும் சொல்லவில்லை. பழகிய புதிதில் 'இவனிடம் எதையும் விளக்கவே வேண்டியதில்லை' என்ற நிம்மதி இருந்தது. இப்போது மூன்றாம் ஆண்டில், மனம் நொந்தால் இருவருமே வாயைத் திறப்பதில்லை. இதற்கு முன் நீங்கள் பழகியவர் முற்றிலும் வேறு சூழலில் வளர்ந்தவர். அவரோடு ஓயாத சண்டை. ஆனாலும் பேச முடிந்தது. கே ஆண்களின், அதாவது தன்பாலீர்ப்பு ஆண்களின், உறவுக்குப் பின்னணி ஒத்துப்போவது முக்கியமா, உணர்வு ஒத்துப்போவது முக்கியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனை பொருத்தம் இருந்தும் பேச முடியவில்லை என்றால், கோளாறு எங்கள் இருவரில் யாரிடம்?

நான் இணையர்களுக்கு ஆலோசனை தரும் உளவியலாளர். என்னிடம் வருபவர்களில் ஆண் இணையர்கள் கணிசமானவர்கள். இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்த பின்னணி ஒரு உறவின் தொடக்கத்தை எளிதாக்குகிறது. அதற்குப் பிறகு அதன் கை ஓங்குவதில்லை. ஒருவர் காயப்பட்டிருக்கும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்பதுதான் ஆண்டுகளைத் தாங்குகிறது. இன்னொன்று, நீங்கள் பட்டியலிட்ட பின்னணியில் உங்கள் விஷயத்துக்கு மிகவும் தேவையான ஒன்று விடுபட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை. தன்னைப் போன்றவரிடமே மனம் சாய்கிறது என்பதை உளவியலாளர் டான் பர்ன் 1961லேயே ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார். அதன் பின் வந்த ஆய்வுகள் ஏராளம். அவற்றில் 313 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து மொன்டோயாவும் அவருடைய சகாக்களும் 2008இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். உண்மையான ஒற்றுமை, அதாவது இருவரையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒற்றுமை, முன்பின் தெரியாத இருவரைச் சேர்த்துவைக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஏற்கெனவே உறவில் இருப்பவர்களிடம் அதன் செல்வாக்கு ஏறத்தாழக் காணாமல் போகிறது. அங்கே எஞ்சி நிற்பது, 'நாங்கள் ஒரே மாதிரி' என்று அவர்கள் உணர்வது மட்டும்தான். இந்த உணர்வு நல்ல உறவை உண்டாக்குகிறதா, நல்ல உறவு இந்த உணர்வை உண்டாக்குகிறதா என்பது இன்னும் தீராத விவாதம். நான் பார்த்தவரையில் இரண்டாவதுதான் அதிகம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இருவரிடம் கேட்டால், ஒரே பாட்டு பிடிக்கும் என்பதைக்கூடப் பெரிய பொருத்தமாகச் சொல்வார்கள். அதே இருவர் கசந்துபோய் வரும்போது, எங்களுக்குள் எதிலுமே ஒத்துப்போகாது என்பார்கள். பாட்டு மாறியிருக்காது.

சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக் உள்ளிட்ட பெரிய குழு ஒன்று 2020இல் 43 தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து, 11,000க்கும் மேற்பட்ட இணையர்களின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்து, எது உறவின் நிறைவை முன்கூட்டிச் சொல்கிறது என்று தேடியது. வயது, குணம், வளர்ந்த விதம் போன்ற தனிமனித விவரங்களைவிட, உறவுக்குள் நடப்பவை ஏறத்தாழ இரண்டு மடங்கு தெளிவாகச் சொல்லின. அவர் இந்த உறவில் நிலைத்திருப்பார் என்று நான் நம்புகிறேனா, என்னை அவர் மதிக்கிறார் என்று உணர்கிறேனா, படுக்கையில் நிறைவு இருக்கிறதா, சண்டை எப்படிப் போகிறது போன்றவை. ஒரு எச்சரிக்கை: அந்தத் தரவில் பெரும்பாலானோர் ஆண்-பெண் இணையர்கள்.

அப்படியானால் அது ஆண் இணையர்களுக்குப் பொருந்துமா? இங்கே லாரன்ஸ் கர்டெக் என்ற ஆய்வாளருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1980களிலிருந்து பல ஆண்டுகளாக ஆண் இணையர், பெண் இணையர், மணமான ஆண்-பெண் இணையர் ஆகியோரை அவர் ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார். உறவு இனிப்பதற்கும் கசப்பதற்குமான காரணங்கள் மூன்று வகையினருக்கும் பெரும்பாலும் ஒன்றேதான் என்பது அவர் கண்டது. சண்டைக்கான காரணங்களும் வியக்கும் அளவுக்கு ஒன்றே: பணம், வீட்டு வேலை, நெருக்கம், நேரம். தெளிவாக வேறுபட்ட இடம் ஒன்று, தன்பாலீர்ப்பு இணையர்களுக்குக் குடும்பத்தின் ஆதரவு குறைவு, நண்பர்களின் ஆதரவு அதிகம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரிடம் சொல்லாத இருவர் என்றால், ஒரு மனஸ்தாபம் வந்தால் 'போய்ப் பேசு' என்று பிடித்துத் தள்ள வீட்டில் ஒரு ஆள்கூட இல்லை.

அமெரிக்கக் குடிமதிப்புத் தரவுகளில் இன்னொரு செய்தியும் தொடர்ந்து தெரிகிறது. ஆண் இணையர்கள் இனம், கல்வி, வயது ஆகியவற்றில் வேறுபட்டவர்களோடு சேர்ந்து வாழ்வது, மணமான ஆண்-பெண் இணையர்களைவிட அதிகம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: தேர்ந்தெடுக்க இருப்பவர்களே குறைவு, வரன் பார்த்துத் தரும் உறவினரும் இல்லை. நீங்கள் பெற்றது போன்ற ஒரே வார்ப்புப் பொருத்தம் கே ஆண்களிடையே அவ்வளவு சாதாரணமல்ல. பலர் அது இல்லாமலேதான் குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி விடுபட்ட அந்தப் பின்னணி. மொழி, மதம், வீட்டின் வசதி என்று எழுதினீர்கள். நீங்கள் எப்படி ஒளிந்தீர்கள், அவர் எப்படி ஒளிந்தார் என்பதை எழுதவில்லை. இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதிய சிறுபான்மை மனஅழுத்தம் என்ற கோட்பாடு இத்துறையில் இன்று அடிப்படைப் பாடம். நேரில் நடந்த அவமானமும் வன்முறையும் ஒரு அடுக்கு. அடுத்தது எப்போது வருமோ என்று உடம்பு எப்போதும் விறைத்திருப்பது இரண்டாவது. மறைத்து வாழும் உழைப்பு மூன்றாவது. ஊர் சொன்னதைத் தானே நம்பித் தன்னையே அருவருப்பது நான்காவது. கடைசி அடுக்கு உறவைத் தொடுகிறது என்பதை மேயரும் டேவிட் ஃப்ராஸ்டும் 2009இல் காட்டினார்கள். தன்னை அருவருப்பவர் மனச்சோர்வில் விழுகிறார், அந்தச் சோர்வு வழியாகத் துணைவரோடு உரசல் கூடுகிறது.

ஆனால் ஒளிவதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. ஒருவன் எல்லோரையும் சிரிக்கவைத்து ஒளிகிறான். ஒருவன் வீட்டைவிட்டுத் தொலைவில் படிக்கப் போய் ஒளிகிறான். ஒருவனுக்கு ஒளியவே தெரியவில்லை, பள்ளியில் அடி வாங்கி வளர்கிறான். உங்களைப் போன்ற ஒருவன் மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒளிகிறான். பச்சான்கிஸ், ஹாட்சன்பியூலர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நீண்ட காலம் மறைத்து வாழ்ந்த இளைஞர்கள் தங்கள் மதிப்பைப் படிப்பு, தோற்றம், போட்டியில் வெல்வது ஆகியவற்றில் அதிகம் ஏற்றி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவருக்குத் துணைவர் முன்னால் 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்வது தேர்வில் தோற்பது போலவே இருக்கும். அத்தகைய இருவர் ஒரு வீட்டில் இருந்தால், இருவருமே தேர்ச்சி பெற்றுக்கொண்டே இருப்பார்கள், யாரும் அழமாட்டார்கள்.

அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். உங்களைப் போலவே ஏறத்தாழ ஒரே அச்சில் வளர்ந்த இருவர் என்னிடம் வந்தார்கள். மூத்தவரின் தந்தைக்கு நெஞ்சுவலி என்று இரவில் அழைப்பு வந்திருக்கிறது. இளையவர் உடனே எழுந்து டிக்கெட் எடுத்தார், பையில் இரண்டு சட்டை வைத்தார், கைப்பேசி சார்ஜரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கவாட்டுப் பைக்குள் செருகினார், வாடகைக் கார் வரவழைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, தொடவும் இல்லை. தந்தை பிழைத்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து என் அறையில் மூத்தவர் அதைச் சொன்னபோது, "அந்த ராத்திரி நீ என் பக்கத்தில் உட்காரவே இல்லை" என்றார். இளையவர் திகைத்துப்போனார். "உன் பையில் சார்ஜர்கூட நான்தான் வைத்தேன்" என்றார். இளையவர் வளர்ந்த வீட்டில் நோய் என்றால் ஆளாளுக்கு வேலை செய்வார்கள். அன்பு அப்படித்தான் வெளிப்படும். நான் எதிர்பாராதது அடுத்து மூத்தவர் சொன்னது: "எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதிலிருந்து தப்பித்துத்தானே உன்னிடம் வந்தேன்."

இதில் பின்னணி வேறுபாடு எங்கே இருக்கிறது? துளியும் இல்லை. சார்ஜர் அன்புதான் என்று மூத்தவருக்குத் தெரியும், வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் வலித்தது, ஏனென்றால் பிறந்த வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் அவர் வந்திருந்தார். கிடைத்தது பிறந்த வீடே. ஒத்த பின்னணியின் இந்தப் பக்கத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். ஒரே பற்றாக்குறையோடு வளர்ந்த இருவருக்கு, அந்தப் பற்றாக்குறை எப்படி இருக்கும் என்று நன்றாகப் புரியும். அதை நிரப்பத்தான் தெரியாது. இருவருக்குமே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உங்கள் முந்தைய உறவில் பேச முடிந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு சூழலில் வளர்ந்தவர் என்பதால் நீங்கள் ஒவ்வொன்றையும் விளக்க வேண்டியிருந்தது, அவரும் கேட்க வேண்டியிருந்தது. எரிச்சலான வேலைதான், ஆனால் அந்தச் சாக்கில் பேச்சு நடந்தது. இப்போதைய துணைவரிடம் 'அவனுக்குத் தெரியாதா என்ன' என்று விட்டுவிடுகிறீர்கள். அவரும் அப்படியே. தெரிந்திருந்தும் செய்யவில்லையே என்ற வருத்தம், தெரியாமல் விட்டதால் வரும் வருத்தத்தைவிடக் கூர்மையானது.

சண்டையைப் பற்றி ஆண் இணையர்களை நேரடியாகக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. ஜான் காட்மேனும் ராபர்ட் லெவன்சனும் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தி 2003இல் வெளியிட்டது. இணையர்கள் ஒரு கருத்து வேறுபாட்டைப் பேசும்போது அவர்களைப் படம்பிடித்து, உடலின் மாற்றங்களையும் அளந்தார்கள். தன்பாலீர்ப்பு இணையர்கள் சச்சரவைத் தொடங்கும்போது ஆண்-பெண் இணையர்களைவிட மென்மையாகவும் நகைச்சுவையோடும் தொடங்கினார்கள். அடக்கி ஆளும் தொனி குறைவாக இருந்தது. நல்ல செய்தி. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருந்தது: ஆண் இணையர்களில், தொடங்குபவர் மிகவும் கடுமையாகப் போய்விட்டால், மற்றவர் நிலைமையைச் சரிசெய்ய எடுக்கும் முயற்சிகள் மற்ற இணையர்களிடம் போல அவ்வளவாக எடுபடவில்லை. ஆனால் அதில் இருந்த ஆண் இணையர்கள் சுமார் இருபதே ஜோடிகள். அந்த எச்சரிக்கையை நான் விதியாகச் சொல்வதில்லை, என் அறையில் கண்டதோடு ஒத்துப்போவதால் சொல்கிறேன். இரண்டு ஆண்கள் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டால், முதலில் திரும்பிப் பார்க்க இருவருக்குமே கூச்சம். வலியைச் சொல்லாதே என்றுதான் இருவரையும் வளர்த்திருக்கிறார்கள்.

அதற்காக, இரண்டு ஆண்கள் சேர்ந்தால் நெருக்கமே இராது என்று சில பழைய நூல்கள் சொன்னதை நம்பிவிடாதீர்கள். ராபர்ட் ஜே கிரீனும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் இணையர்கள் மணமான ஆண்-பெண் இணையர்களைவிட அதிக ஒட்டுதலோடு இருப்பதாகவே பதில் சொன்னார்கள். ஒருவர் துரத்திக் கேட்பதும் மற்றவர் பின்வாங்குவதும் கே இணையர்களுக்கே உரிய நோயும் அல்ல. எல்லா வகை இணையர்களிடமும் அது ஒரே அளவில் தென்படுகிறது. உங்கள் வீட்டில் துரத்துபவரே இல்லை, இருவருமே பின்வாங்குகிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியான வீடு.

பின்னணி ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் ஒரு பொருட்டு. பிலிப் புளூம்ஸ்டீனும் பெப்பர் ஷ்வார்ட்ஸும் 1983இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஆண் இணையர்களிடையே யார் அதிகம் சம்பாதிக்கிறாரோ அவர் சொல்தான் எடுபட்டது. பெண் இணையர்களிடம் அப்படி இல்லை. பழைய தரவு, ஆனாலும் சம்பள வித்தியாசம் பெரிதாக உள்ள இணையர்கள் வந்தால் அதைப் பற்றி நான் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பத்துப் பதினைந்து ஆண்டு வயது இடைவெளி இருந்தால், வயதைவிட அவர்கள் மறைக்கக் கற்ற காலம் வேறு வேறு என்பதுதான் உறுத்துகிறது. மூத்தவருக்கு இயல்பான எச்சரிக்கை இளையவருக்குக் கோழைத்தனமாகத் தெரியும். உறவுக்கு வெளியே உடலுறவு கூடுமா கூடாதா என்பதில், இரண்டு வகை ஏற்பாட்டிலும் நிறைவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதையே 1980களிலிருந்து ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உறவை உடைப்பது, பேசி ஒப்புக்கொண்டதை மீறுவது. அல்லது பேசாமலே ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்வது.

யாரிடம் எவ்வளவு வெளிப்படையாக இருப்பது என்பதில் இருவரும் வேறுபட்டால் உறவு கெடுமா? ஆய்வுகள் ஒரு குரலில் பேசவில்லை. என் அறையில் நான் காண்பது, வேறுபாடு இருப்பதைவிட அது எப்படிக் கையாளப்படுகிறது என்பதே தொல்லை தருகிறது. ஒருவரின் அம்மா வீடியோ அழைப்பில் வரும்போதெல்லாம், மற்றவர் தேநீர்க் கோப்பையோடு சோபாவின் மறுமுனைக்கு நழுவி, படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்துகொள்வார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. பழகிவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் தோசைக்கல்லைக் கழுவவில்லை என்று ஒரு சண்டை வரும், குரல் அளவுக்கு மீறி உயரும், உயர்ந்த குரலுக்கும் பாத்திரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. உங்கள் இருவர் நிலை ஒன்றே என்பதால் இது உங்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். இருவருமே நழுவுகிறீர்கள் என்றால், நழுவுவதைப் பற்றிப் பேச உங்களுக்குக் காரணமே கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். இப்போது நடக்கும் மனஸ்தாபத்தை எடுக்காதீர்கள். ஆறிப்போன பழைய ஒன்றை எடுங்கள். "அன்று நான் என்ன செய்திருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் உடனே வராது. 'ஒன்றும் வேண்டியிருக்கவில்லை' என்பார்; நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். விட்டுவிட்டு, உங்கள் பதிலை முதலில் சொல்லுங்கள். வேறொரு நாள், சிறுவயதில் அழுதால் வீட்டில் யார் கவனிப்பார்கள், எந்த வயதில் அழுவதை நிறுத்தினார் என்று அவரிடம் கேளுங்கள். மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும் இது தெரியாத இணையர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பேச்சு சூடாகி நெஞ்சு படபடத்தால் நிறுத்துங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது என்பது காட்மேனின் கணிப்பு. உடல் அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது ஆகும். எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால், ஒதுக்கப்படுவதற்கு ஏற்கெனவே அஞ்சி வளர்ந்த ஒருவருக்கு அது கதவைச் சாத்துவதாகவே கேட்கும்.

இவையெல்லாம் இருவருக்கும் விருப்பம் இருந்து, பழக்கம்தான் இல்லை என்றால் பொருந்தும். அவர் உங்களை ஏளனம் செய்கிறார், நீங்கள் பேச அஞ்சுகிறீர்கள், அல்லது 'உன் வீட்டில் சொல்லிவிடுவேன்' என்று ஒருமுறையாவது மிரட்டியிருக்கிறார் என்றால் நான் எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. அது வன்முறை, இணையர் ஆலோசனைக்கு முன் உங்கள் பாதுகாப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை, ஆனால் ஒரு கடிதத்தில் எல்லாம் வந்துவிடுவதும் இல்லை. அவர் தரப்பையும் நான் கேட்கவில்லை. மேலே சொன்ன ஆய்வுகளுக்கும் ஒரு குறை உண்டு: பெரும்பாலும் படித்த, மேற்கத்திய, தாமாக முன்வந்து பங்கேற்ற வெளிப்படையான இணையர்களிடம் எடுக்கப்பட்டவை. மறைத்து வாழும் இருவர் ஆய்வுக்குப் பெயர் கொடுக்க மாட்டார்கள். உங்களைப் போன்றவர்களே அந்தக் கணக்கில் குறைவு.

பிரிவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். நான் சொன்னபடி சில மாதம் முயன்று பார்த்தும் இருவரில் ஒருவர் கேள்விக்கே வரமாட்டேன் என்றால், அப்போது அது பின்னணிப் பிரச்சினையாக இருக்காது, விருப்பப் பிரச்சினையாக இருக்கும். அதற்கு முன் ஒரு இணையர் ஆலோசகரைப் பார்ப்பதென்றால், தேதி வாங்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். ஆண் இணையர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? தன்பாலீர்ப்பை மாற்ற வேண்டிய ஒன்றாகக் கருதுகிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் 'இல்லை' என்று பதில் வராவிட்டால், கட்டணத்தைக்கூட விசாரிக்காமல் அடுத்தவரை அழையுங்கள்.